யன்னலைப் பூட்டச் சொன்னவர்

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் நாலாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோமே, அங்கே அரிசி வாளிக்கு மேலே உங்கள் அம்மா ஒரு படம் ஒட்டியிருந்தா. பாலைவனத்தில் ஒரு வெள்ளை வீடு. தடித்த சுவர், கையகல யன்னல், நடுவில் நிழல் விழும் முற்றம். வரைந்தவர் பக்கத்து ஊரான பகேரியாவில் அம்மா வீட்டுவேலை செய்த இடத்துக் கிழவர், பெரிய கட்டடக் கலைஞர். முப்பது வருடம் ஆபிரிக்கப் பாலைவனங்களில் வீடு கட்டியவராம். "அவரின்ரை வீட்டிலை மத்தியானமும் குளிருமாம்" என்று சோறு போடும்போதெல்லாம் அம்மா சொல்லுவா. ஹோட்டலில் நாள் முழுக்கத் தட்டுக் கழுவுகிற என்னைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

ஒரு யூலையில் ஷிரோக்கோ அடித்தது, ஆபிரிக்காவிலிருந்து வரும் அனல் காற்று. மன்னாரில் பிறந்தவனுக்குக் காற்று என்றால் குளிர்மைதான். யன்னல்களை அகலத் திறந்து வைத்தேன். கைக்குழந்தையாக இருந்த சின்னவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் குடிக்காமல் துவண்டு போனாள். யன்னலைப் பகலில் பூட்டி இரவில் திறக்கவேணும் என்று அந்தக் கிழவர் சொன்னதாக அம்மா சொன்னா. அவர் சொன்னார் என்பதற்காகவே நான் பூட்டவில்லை.

அம்மா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்று அவரே படியேறி வந்துவிட்டார். கதிரையில் இருந்து மூச்சு வாங்கினார். பிள்ளையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவான இத்தாலியனில் கதைத்தார். அவருடைய முதல் பாலைவன வீடு முழுக்கக் கண்ணாடியாம். பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்ததாம். குடிவந்த சனம் வெயில் தாங்காமல் கண்ணாடி மறையக் கம்பளி தொங்கவிட்டார்களாம்.

"யன்னலைப் பூட்ட எனக்குப் பழக்கினது அந்த வீட்டுப் பொம்பிளைதான். ஒரு வருசம் நான் அவவோடை கதைக்கேல்லை."

அம்மா வாய்விட்டுச் சிரித்தா. என்னோடு அவ அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். அந்தாள் பெருமை பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பிழை விட்டதிலும் என்னைவிடப் பெரிய ஆளாக இருந்தார்.

"அங்கை பிள்ளை நித்திரை கொள்ளுவாள். ரெண்டு நாளைக்குப் போயிட்டு வாறன்" என்று அம்மா உங்களையும் கூட்டிக்கொண்டு அவரோடு பகேரியாவுக்கு ரயில் ஏறினா.

அன்றிரவு யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். விடிந்ததும் அவற்றின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். மத்தியானம் இருட்டுக்குள் நின்று உள்சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. சின்னவளின் ஏணையை, அந்தச் சீலைத் தொட்டிலை, அவிழ்த்து, அந்தச் சுவரோடு சேர்த்துக் கட்டினேன்.