திருப்பிப் பார்க்காத பதக்கம்

அந்தோனி அண்ணர் போய்விட்டார் என்ற செய்தி, ஞாயிறு பூசை முடிந்த வாசலில் கண்ணீர் அஞ்சலித் துண்டுப்பிரசுரமாக என் கைக்கு வந்தது. படத்தில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நரைத்த மீசை கறுப்பாகியிருந்தது. அவர் ஒருநாளும் கட்டாத கழுத்துப்பட்டி வேறு. அச்சடித்தவர்கள் யார் என்று பார்த்தேன். அவரைக் கள்ளன் என்று கதைத்த அதே ஆட்கள்.

நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு நகரத்தின் கால்சாப் பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த பணக்கார அம்மா ஒருவரின் வீட்டில் அவர் சமையல், நான் துப்புரவு. சிஞ்ஞோராவின் இறந்த கணவர் பழைய ரோமப் பதக்கங்கள் சேர்த்தவர். பேரரசர்கள் தங்கள் முகத்தைப் பொறித்து வேண்டியவர்களுக்குப் பரிசளித்தவை அவை. இதையெல்லாம் வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய பழம்புத்தகங்களில் எழுத்துக்கூட்டி நானே படித்தேன். எவரும் சொல்லித் தரவில்லை.

தலையில் சிங்கத்தோல் போர்த்த கொமொடுஸ் பேரரசனின் வெண்கலப் பதக்கத்தை ஒருநாள் அண்ணருக்குக் காட்டினேன். "செத்த சிங்கம் தம்பி. உயிரோடை எண்டால் இவனுக்குத் தலை இருந்திராது," என்றார். பிறகு, "தன்ரை முகத்தைச் சும்மா குடுக்கிறவன் எதையோ மறைக்கிறான். பின்பக்கத்தைத் திருப்பு." திருப்பினேன். ஒரு தெய்வத்தின் காலடியில் விளிம்பு வெடித்திருந்தது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முன், பித்தளைச் சாமான்களை மினுக்கச் சொன்னார் சிஞ்ஞோரா. மன்னாரில் கோயில் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கிப் பழகியவர் அண்ணர். அந்தப் பதக்கத்தையும் சேர்த்துப் பழப்புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பழைய பச்சைக் களிம்பு முழுக்கப் போய், நேற்று வார்த்தது போல மின்னியது. சிஞ்ஞோராவின் தம்பி மகன் வந்து பார்த்தான். இது போலி, சமையல்காரன் அசலை மாற்றிவிட்டான் என்றான். அதன் பின்பக்கத்தைக் கணவர் எடுத்து வைத்திருந்த பழைய படத்தைக் கொண்டுவந்து, அதே வெடிப்பு, திருப்பிப் பாருங்கள் என்றேன். அவன் திருப்பவில்லை. போலி என்று சொல்லி அதைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்த்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அண்ணருக்கு வேலை போனது. மறுநாள் நானும் விலகினேன்.

பிரசுரம் அச்சடித்த எங்கள் ஆட்களே, நீங்கள் மட்டும் திருப்பினீர்களா? ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் அவர் மீன் கழுவப் போன பிறகும், "சக்கரவர்த்தி வாறார், பொக்கற்றைப் பாருங்கோ," என்று பகிடி விட்டீர்கள். சண்டைக்கு எழும்பிய என்னை அவர்தான் இருத்தினார். "விடு தம்பி. நான் எடுக்கேல்லை எண்டு இவையள் ஒருக்காச் சொன்னால் காணும்," என்றார். அதை நீங்கள் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். முகத்தைத் தந்தால் பின்பக்கத்தைப் பார்ப்பேன். உங்கள் பிரசுரத்தையும் திருப்பினேன். வெறும் வெள்ளை. அந்தோனி அந்தப் பதக்கத்தை மாற்றவில்லை என்று அதில் எழுதி, உங்கள் பெயர்களையும் போட்டுத் தாருங்கள். அதுவரை உங்கள் கண்ணீரை நான் நம்பமாட்டேன்.