அடியில் கிடந்த ஆறு வரிகள்

வலக்கை சோற்றைப் பிசைந்துகொண்டிருக்க, ததேயுஸின் இடக்கை விசைப்பலகையின் ஓரத்தில் ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இசட்டைத் தட்டினால் திரை கீழே நகரும். ஏ-யைத் தட்டினால் மேலே. தட்டினால் ஒரு வரி, அழுத்திப் பிடித்தால் பக்கம் பக்கமாகத் தாவும். இரண்டு எழுத்தும் இடது ஓரத்தில் இருப்பது தற்செயல் அல்ல. சாப்பிடும்போதும் ஒரு கை சும்மா இருக்கக் கூடாது என்று அவரே செய்துகொண்ட ஏற்பாடு. மீனில் முள் எடுக்கும்போது மட்டும் கண் திரையை விட்டு இறங்கும்.

ஆரல்வாய்மொழிக்கு வெளியே ஒரு காற்றாலைக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறை அது. கட்டுப்பாட்டு அறை என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ததேயுஸ், அவ்வளவுதான். வெளியே இருநூற்றுப் பன்னிரண்டு காத்தாடிகள் சுற்றுகின்றன. எது என்ன வேகத்தில் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு வரி வரியாக வந்து சேரும். அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் இருபத்தைந்து வரிக்கு மேல் கொள்ளாது.

இருபத்தைந்து வரிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு காத்தாடிகளை எப்படிக் காட்டுவது? ததேயுஸ் ஒரு புரோகிராம் எழுதினார். கம்ப்யூட்டரின் நினைவுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீளத் தாள் ஒன்றை விரித்து, எல்லா வரியையும் அதில் எழுதிவிடுவது. எந்தத் துண்டைத் திரையில் காட்ட வேண்டும் என்று மட்டும் அவ்வப்போது சொல்வது. தொழிலில் அதற்குப் 'பேட்' என்று பெயர். காத்தாடியில் ஏறிப் பழுது பார்க்கும் தாணுமாலயனுக்கு, முட்டம் என்ற மீன்பிடி ஊர்க்காரரான இவர், வலையை உதாரணம் காட்டி அதை விளக்கிப் பார்த்தார்.

"கரையில நின்னு கரமடி வல இழுக்கதப் பாத்திருக்கியா மக்கா? கையில கெடக்கது நாலு முழம். மத்தது அம்புட்டும் கடல் வெள்ளத்துக்குள்ள கெடக்கும். காணலேன்னா இல்லேன்னு ஆயிருமா?"

"எனக்கு ரெண்டும் தெரியாதுண்ணே. நூத்திப்பதினாலாம் நம்பர் காத்தாடி ஓடுதா, அதச் சொல்லும்," என்றான் தாணுமாலயன்.

இருப்பதில் நல்ல கேட்பவன் அவன்தான். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இந்தப் பேச்சுக்கு உம் கொட்ட ஆள் கிடைக்காது. முட்டத்தில் ததேயுஸுக்கு ஃபேன் ரிப்பேர்காரர் என்று பெயர். காற்றாலைக் கம்பெனி வேலை என்றதை ஊர் அப்படி எடுத்துக்கொண்டது. ஒரு தடவை பக்கத்து வீட்டம்மாள் ஓடாத டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். அவர் மறுக்காமல் வாங்கி வைத்து, இரண்டு நாளில் சரிசெய்தும் கொடுத்தார்.

அவருக்குப் பெருமை ஒன்றே ஒன்றில்தான். தாளின் நடுவில் யாராவது எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது புதுவரி வந்தால், வேறு புரோகிராம்கள் திரையைக் கடைசிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். ததேயுஸினுடையது இழுக்காது. புதுவரி சத்தமில்லாமல் அடியில் போய்ச் சேரும். படிக்கிறவர் படித்த இடத்திலேயே இருக்கலாம். "படிக்கவனுக்க கையப் பிடிச்சு இழுக்கப்பிடாது. அது மரியாத இல்ல," என்பார்.

திரையின் கடைசி ஆறு வரி உயரத்தில் இன்னொரு பேட் உண்டு. அதற்கும் அதே ஏற்பாடுதான், ஆனால் அது கம்பெனிக்குத் தெரியாது. மஸ்கட்டில் நர்சாக இருக்கும் மனைவி சிந்தியா, ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் அதில் வந்து விழும். கல்யாணமாகி ஏழு வருஷம். லீவுகளையெல்லாம் சேர்த்தாலும் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தது பதினோரு மாதம். பிள்ளைகள் இல்லை. முட்டத்து வீட்டில் அவர் போய் சுவிட்சைப் போட்டால்தான் வெளிச்சம். ஐந்து வருஷப் பேச்சு, ஒரு வரி விடாமல், அந்தத் தாளில் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பது, ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை போனில் சண்டை வந்தது. சிந்தியாவின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்குத் திரும்புவதா என்று கேட்டாள். ததேயுஸுக்கு அவள் வரவேண்டும். வேறெதுவும் வேண்டாம். ஆனால் அதைச் சொல்ல வாய் வராமல், "உனக்க இஷ்டம்போலச் செய்," என்று போனை வைத்தார். இந்த ஒரு வாக்கியத்தை ஆண்கள் என்றைக்குத்தான் விடப்போகிறார்களோ.

பிறகு அவர் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தவர், ஏ-யை அழுத்திப் பிடித்து அந்தத் தாளில் மேலே மேலே போனார். முதல் வருஷத்தில் ஓரிடத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'இங்க மழையே இல்ல. நம்ம வீட்டுல மழ பெய்தா ஓட்டுச் சத்தத்த போன்ல கேப்பிச்சுத் தாங்க.' அங்கே நிறுத்தினார். அதை அப்படியே விட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். இப்படியெல்லாம் எழுதினவள் இப்போது ஒரு வார்த்தை எழுத மாட்டேன் என்கிறாளே என்று மனம் ஆறவில்லை.

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம். தாணுமாலயன் வியர்வையோடு உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, விசைப்பலகையின் இடது ஓரத்தில் வைத்தான். இசட் அமுங்கியது. ஐந்து வருஷமும் பக்கம் பக்கமாக ஓடின.

"ஏலே, எடு மக்கா அத!" என்று ததேயுஸ் கை நீட்டுவதற்குள் தாள் முடிந்து நின்றது. அடியில் ஆறு வரிகள். முதல் நான்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தவை.

'போன்ல கேட்டா சண்ட வரும். அதான் எழுதிக் கேக்கேன்.'

'எனக்கு வரணும்னு இருக்கு.'

'நீங்க வான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், வந்துருவேன்.'

'புதன்கிழம ஒப்பந்தத்துல ஒப்புப் போடணும். அதுக்கு முன்ன சொல்லுங்க.'

ஐந்தாவது, செவ்வாய்க்கிழமை: 'பாத்தியளா?'

ஆறாவது, புதன் சாயங்காலம்: 'ஒண்ணும் சொல்லேல. சரி. ஒப்புப் போட்டுட்டேன். பாஸ்போர்ட்டையும் ஆஸ்பத்திரி ஆபீஸுல குடுத்தாச்சு. இனி மூணு வருஷம் கழிச்சுத்தான்.'

தாணுமாலயனும் படித்துவிட்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, நூற்றுப்பதினாலைப் பற்றிக் கேட்காமலே வெளியே போனான்.

ததேயுஸ் கை கழுவவில்லை. இடக்கையால் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். சிந்தியாவுக்கு அன்று விடுமுறை, உடனே எடுத்தாள்.

"ஏட்டி, நீ எழுதினத இப்பந்தான் பாத்தேன்."

"நாலு நாளாட்டு எனக்க எழுத்தத் தொறந்தே பாக்கேலியா?"

"தொறந்துதான் வச்சிருந்தேன். எல்லா நாளும் உனக்க எழுத்தத்தான் படிச்சிட்டிருந்தேன் பிள்ளே."

"பொறவு எப்படிக் காணாமப் போச்சு?"

தாள், துண்டு, புதுவரி என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதியில் அதை விட்டார். வலக்கையை நீட்டி, குழம்பு காய்ந்த விரலால், மானிட்டரின் கண்ணாடி முடிந்து அடியில் பிளாஸ்டிக் சட்டம் தொடங்கும் இடத்தைத் தொட்டார். "இன்னா, இங்கன கெடந்துது. இங்கன," என்று போனில் சொல்லிக்கொண்டே அந்த வெறும் பிளாஸ்டிக்கைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.