விளம்பரத்தோடு ஐயாயிரத்து ஐந்நூறு

நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, கறுத்த குடலை எடுத்துப் போடும் வேலை பியோ பில்நாமுக்குக் கண்ணை மூடிக்கொண்டே வரும். அன்றைக்குக் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. சாம்சொன்போ துறைமுகத்துக்கு மேலே, ஹேசோங் குடியிருப்பின் முதியோர் மன்றத்தில், பெண்கள் அறை டிவி சனிக்கிழமையிலிருந்து வெறும் நீலமாக நின்றது. ஒன்பது பெண்கள் சூடேறிய தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, அந்த நீலத்தைப் பார்த்தபடியே கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கடல் மாதிரியே இருக்கு," என்றாள் கோசோங்காரம்மா. எண்பத்தாறு வயது. கோசோங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டு மாதிரி எங்கோ பத்திரமாக இருந்தது.

"கடலைப் பாக்கணும்னா ஜன்னலைத் திறந்தா போதும்," என்றாள் யொங்ஜே அம்மா. எழுபது வயதில் அவள்தான் அந்த அறையின் கடைக்குட்டி. அதனால் பாத்திரம் கழுவுவதும் அவள் தலையில்.

இத்தனை வருஷம் ஓசியில் வந்துகொண்டிருந்த கேபிளைக் குடியிருப்பு நிர்வாகம் நவம்பர் ஒன்றாம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதுவும் அவர்கள் பார்த்துவந்த சோயா ஆலைத் தொடர் அறுபத்தோராவது பகுதியில் நிற்கும்போது. மொத்தம் நூற்று அறுபத்து நாலு பகுதி. இருபது வருஷத்துக்கு முந்தைய தொடர். ஒன்பது பேருமே அந்தக் காலத்தில் பார்த்ததுதான். முடிவு தெரியும். தெரிந்த முடிவை நோக்கித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதில் ஒரு நிம்மதி இருந்தது. தெரியாத முடிவுகள் அவர்களுக்கு வேறு இடங்களில் நிறையவே இருந்தன.

தடுப்புக் கதவு நகர்ந்தது. அந்தப் பக்கம் ஆண்கள் அறை. வந்தவர் மன்றத் தலைவர் கூ தல்சு, எழுபத்தொன்பது வயது, வட்ட அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

"எதுக்கு இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? எங்க பக்கம் டிவி நல்லாத்தானே ஓடுது. என் மச்சினன் மகன் புண்ணியம், தனி இணைப்பு. ஒரே மன்றத்துக்கு ரெண்டு டிவி எதுக்கு? நடுவுல இந்தத் தடுப்பை எடுத்துட்டா எல்லாரும் ஒரே குடும்பமா உக்காந்து பாக்கலாம். கடைசி வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்."

ஒரே குடும்பம் என்றதும் ஒன்பது பேரின் விரல்களும் நின்றன. குடும்பம் என்றால் என்ன என்று அவர்கள் ஒவ்வொருவரும் தலா ஐம்பது வருஷம் படித்திருந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பு மன்றத்தில் போன வருஷம் இப்படித்தான் தடுப்பை எடுத்தார்கள். முதல் வாரம் ஆண்களுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் மதியச் சாப்பாடு. மாதம் முடிவதற்குள் அந்தப் பெண்கள் மீன் பிடிக்கும் சேனலைப் பார்த்துக்கொண்டே பதினோரு ஆண்களின் சூப் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் போனதும் கோசோங்காரம்மா சொன்னாள்: "என் வீட்டுக்காரர் செத்து பதினாலு வருஷம் ஆச்சு. இப்பப் போயி இன்னொருத்தருக்கு நான் கஞ்சி ஊத்த மாட்டேன்."

"அதான் செயலாளரம்மா இருக்காங்களே," என்றாள் யொங்ஜே அம்மா. எல்லாரும் பில்நாமைப் பார்த்தார்கள்.

பில்நாமுக்கு எழுபத்து நாலு வயது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், அடுத்ததாவது ஆணாகட்டும் என்று அப்பா ஆண் பெயராகப் பார்த்து வைத்தார். அடுத்ததும் பெண்தான். கட்டிக்கொண்டவன் மீன்பிடிப் படகில் இயந்திரக்காரன். பாதி நாள் கடலில், மீதி நாள் சாராயத்தில் மிதந்தவன். ஈரல் போய்ச் செத்தபோது அழுகை வந்தது. இரண்டு வாரத்தில் வீட்டில் சத்தமே இல்லாததைக் கவனித்துக் கொஞ்சம் வெட்கத்தோடு நன்றாகத் தூங்கினாள். இருபத்தெட்டு வருஷம் தெருத்தெருவாக வண்டி தள்ளி, சின்னச் சின்னப் புட்டியில் தயிர்ப்பானம் விற்று ஒரு மகனைப் படிக்க வைத்தாள். அவன் சாங்வொனில் இருக்கிறான். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்பான். அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிடுவான். நல்ல பிள்ளைதான்.

மறுநாள் காலை அவள் கைபேசிக் கடைக்குப் போனாள். இணையம் வழியாக டிவி பார்க்கிற வசதி பற்றி அங்கேதான் விசாரிக்க வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். மன்றத்தில் இணையம் உண்டு, நகராட்சி கொடுத்தது. இணையத்தில் ஓடுகிற டிவியும் உண்டு, போன தேர்தலுக்கு முந்தின மாதம் ஒரு வேட்பாளர் கொடுத்தது. அவர் தோற்றுவிட்டார். டிவி இருக்கிறது.

கடைக்காரனுக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் எண்ணெய் மாதிரி ஏதோ.

"அம்மா, வாங்கம்மா. உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கும்மா. மாசம் பதினேழாயிரம் வொன்தான். ஒரே நேரத்துல நாலு இடத்துல பாக்கலாம்."

"நாங்க ஒன்பது பேரும் ஒரே இடத்துலதான்பா பாக்குறோம்."

"மூணு வருஷ ஒப்பந்தம் போட்டா ஒரு மூட்டை அரிசி இலவசம்மா."

"மூணு வருஷமா? எங்கள்ல ஒருத்திக்கு எண்பத்தாறு. அவகிட்ட மூணு வருஷம்னு சொன்னா சிரிப்பா."

"விளம்பரமே வராதும்மா. ஒரு வினாடி கூட."

பில்நாம் யோசித்தாள். "அப்ப எப்ப ஒண்ணுக்குப் போறது?"

"என்னம்மா?"

"ஒன்பது பொம்பளைங்க. பதினெட்டு முட்டி, அதுல நல்ல முட்டி நாலு. கழிப்பறை ஒண்ணு. விளம்பரம் வரலேன்னா எந்த நேரத்துல எழுந்து போறது?"

நிறுத்தி வைத்துவிட்டுப் போகலாம் என்று அவன் விளக்கினான். ஒருத்திக்காக நிறுத்தினால் எட்டுப் பேரும் அவள் போன காரியத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பார்கள், போனவளுக்கு வராது என்று அவளும் விளக்கினாள். விளம்பரம் வந்தால் ஊருக்கே இடைவேளை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அவன் வேண்டாவெறுப்பாகப் பட்டியலின் அடிமட்டத்துக்கு வந்தான். ஒன்றில் முழுக்க வெளிநாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் பேஸ்பால் இருந்தது, பாட்டுக் கச்சேரி இல்லை. கடைசியாக ஒன்று. பழைய தொடர்களெல்லாம் முழுசாக இருந்தன, கச்சேரிகளும் இருந்தன, பேசுவதைப் பெரிய எழுத்தில் கீழே போட்டுக் காட்டவும் வசதி. விளம்பரத்தோடு மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு. முதல் மாதம் இலவசம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"இது மலிவானதும்மா. உங்களுக்குப் போய் இதைக் கொடுப்பேனா, அம்மா மாதிரி இருக்கீங்க."

"இருபத்தெட்டு வருஷம் நானும் தெருவுல போறவ வர்றவளையெல்லாம் அம்மா, அம்மான்னு கூப்பிட்டுத்தான் வித்தேன் தம்பி. உனக்கு இன்னும் தொண்டை பழகல. கொஞ்சம் கீழ இறக்கிச் சொல்லு, கேக்குறவ நிப்பா."

ஐந்தாம் தேதி புதன்கிழமை நீலம் போய் சோயா ஆலை வந்தது. அறுபத்திரண்டாவது பகுதி. ஆனால் அது ஒரு மாதத்துக்குத்தான். மாதாமாதம் மன்றக் கணக்கிலிருந்து எது போனாலும் தாளில் தலைவரின் முத்திரை விழ வேண்டும் என்பது விதி.

"ஆளுக்கு அறுநூத்திச் சில்லறை வொன் போட்டா முடிஞ்சுது. அந்த ஆள் முத்திரை எதுக்கு?" என்றாள் யொங்ஜே அம்மா.

"போன வருஷம் நாம காசு போட்டு வாங்கின கால் பிடிச்சுவிடுற மெஷின் எங்க?" என்றாள் பில்நாம். "பொது அறையில தனியார் பொருள் கூடாதுன்னு விதியைக் காட்டி வெளிய தூக்கி வச்சார்ல. மழையில நனைஞ்சு செத்துச்சு. முத்திரை வாங்கித்தான் ஆகணும்."

"கேட்டா குடுக்க மாட்டார்."

"கேக்கப் போறதில்ல."

புதுத் தெருவுக்குப் போனால் பில்நாம் யாரிடமும் வாங்குங்கள் என்று கேட்டதே இல்லை. காலையில் வாசல் கதவில் ஒரு புட்டியைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவாள். மறுநாளும். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை வெறும் வண்டியோடு அந்த வாசலைக் கடந்து போவாள். பத்தில் ஆறு வீட்டில் கதவு திறந்து, "இன்னிக்கு இல்லையா?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலில் ஒரு அநீதி இழைக்கப்பட்ட தொனி இருக்கும். அதுதான் வியாபாரம் படிந்ததற்கு அடையாளம்.

சனி, ஞாயிறு தவிர தினமும் காலை பத்தரைக்கு ஒரு பகுதி. அந்த நேரம் பார்த்துத் தடுப்புக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள். தரைச் சூடு தாங்கவில்லை, காற்று வேண்டும் என்றாள். கோசோங்காரம்மாவுக்குக் காது மந்தம் என்று ஒலியையும் ஏற்றி வைத்தாள். ஆண்கள் பக்கம் டிவியில் எந்நேரமும் யாரோ இரண்டு பேர் பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டே இருந்தார்கள். ரிமோட் பே என்கிற கிழவரிடம் இருந்தது. அவர் தூங்கும்போதும் விடமாட்டார்.

முதல் வாரம் தலைவர் தண்ணீர் குடிக்க வந்தார். சமையலறை பெண்கள் அறையைத் தாண்டித்தான் இருக்கிறது. இரண்டாவது வாரம் ஒரே காலையில் மூன்று முறை தண்ணீர் குடித்தார். இடையில் டிவி முன்னால் நின்று, "அந்தப் பெரிய மருமகளுக்கு வாயே இல்லையா?" என்று யாரையோ கேட்டார். மூன்றாவது வாரம் அவருடைய மெத்தைத் திண்டு கதவோரம் வந்துவிட்டது. இடுப்பு வலி, சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும் என்று மற்ற ஆண்களிடம் சொன்னாராம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஊரே அந்தத் தொடரைப் பார்த்தபோது அவர் வட்ட அலுவலகத்துக்கு எதிரே மதுக்கடையில் இருந்தார். அவருக்கு முடிவு தெரியாது.

இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை எழுபத்து நாலாவது பகுதி. ஆலை முதலாளியின் அம்மா, மருத்துவமனையிலிருந்து வந்த உறையைக் கிழிக்கிறாள். பேரன் தன் ரத்தமா இல்லையா என்பது உள்ளே இருக்கிறது. தாளை விரிக்கிறாள். அத்தோடு அன்றைக்கு முடிந்தது. கதவுச் சந்தில் ஒரு மூக்கு தெரிந்ததாக யொங்ஜே அம்மா சத்தியம் செய்தாள்.

திங்கட்கிழமை பில்நாம் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒலியை முழுசாக அணைத்துவிட்டு, பெரிய எழுத்தைப் போட்டாள். எழுபதாவது வயதில் மன்ற வகுப்பில் எழுத்துப் படித்தவள் கோசோங்காரம்மா. அவள் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியையும் முடிக்கும்வரை படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். அரை மணித் தொடர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். புதன்கிழமை கதவு தட்டப்பட்டது.

"டிவி ரிப்பேரா? சத்தமே காணோம்."

"நல்லா இருக்கு தலைவரே. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னுதான்."

"தொந்தரவுன்னு யார் சொன்னது?"

"நல்ல மனசு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கடைசி வெள்ளிக்கிழமை. கூட்டம் பெண்கள் அறையில்தான், அதுதான் பெரியது. ஆண்கள் பக்கத்திலிருந்து தலைவர் மட்டும் வந்தார். மற்றவர்கள் அவர் சொல்வதற்குக் கைதூக்கிவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் வாங்குவது முடிந்தது, கொதிகலன் பழுது முடிந்தது.

"அடுத்து, தடுப்பு," என்றார் தலைவர். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"எடுத்துடலாம் தலைவரே," என்றாள் பில்நாம். எட்டுப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். "எடுத்தா ஒரே டிவி. ரிமோட் பே அண்ணன்கிட்ட. இந்த இணைப்பை, இலவச மாசம் முடியுற நாலாம் தேதியோட நிறுத்திடுவேன். எண்பத்து மூணாவது பகுதியோட சரி. அதுக்கப்புறம் எங்களுக்கும் வேலை மிச்சம், காய் வைக்குறதைப் பாத்துட்டு உக்காந்திருப்போம்."

தலைவர் விரல் மடக்கி எதையோ கணக்குப் போட்டார். பிறகு, பெண்களின் பொழுதுபோக்கும் மன்றத்தின் பொறுப்புதான் என்றும், தான் எப்போதுமே அதைச் சொல்லி வந்ததாகவும் சொன்னார்.

பில்நாம் தாளை நகர்த்தினாள். மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு, பெண்கள் அறைக்கு, ஒரு வருஷம். தடுப்பைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தாள்: இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் இரண்டு முறை படித்தார். சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, அதன் முனையில் ஊதி, சிவப்பு மையில் ஒற்றி அழுத்தினார். வாழ்நாளெல்லாம் செய்த வேலை, நேராகவே விழுந்தது.

பில்நாம் தாளை மடித்து இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டு ரிமோட்டை எடுத்தாள். எழுபத்தொன்பதாவது பகுதி ஓடத் தொடங்கியது, ஒலி இல்லாமல்.

தலைவர் எழுந்தார். எழுந்தவர் போகவில்லை. திரையில் ஆலை முதலாளியின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். எழுத்துகள் கீழே வந்தன. தூரத்து எழுத்துக்கான அவர் மூக்குக்கண்ணாடி ஆண்கள் அறையில் இருந்தது.

"அந்த உறையில," என்றார். "அந்தப் பேரன். அவங்க ரத்தம்தானா?"

கோசோங்காரம்மா உதட்டை அசைத்து அசைத்து ஏதோ வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். யொங்ஜே அம்மா கால் நகத்தைப் பார்த்தாள். ஒன்பது பேருக்கும் தெரியும்.

விளம்பரம் வந்தது. நாலு பேர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார்கள். தலைவர் வழிவிட்டு ஓரமாக நின்றார்.

"இல்ல, சும்மா கேட்டேன். பெரிய மருமகளோடதா, இல்ல..."

போன நாலு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தொடர் மறுபடி ஆரம்பித்தது. பில்நாம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காப்பிப் பொடியைக் கிண்ணத்தில் கொட்டிக் கலக்கினாள், தனக்கு மட்டும், ஒரு கிண்ணம்தான். தலைவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு காற்சட்டையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு வெளியே போனார்.