பழையபடி போடும், பிள்ளை

பதுளையில் மழை தொடங்கிவிட்டால் எங்கள் கந்தோரின் தகரக் கூரைக்குக் கீழே யாரும் யாரோடும் ஒழுங்காகப் பேச முடியாது. முன்னறையில் ஒருவர் சொல்வது பின்னறைக்கு வந்து சேர்வதற்குள் பாதிச் சொல் தண்ணீரோடு போயிருக்கும். அந்தப் பின்னறையில் நான் இரண்டு வருடம் ஐந்து கணினிகளோடு இருந்தேன். அதில் ஒன்றுதான் உண்மையில் அங்கே இருந்தது. மற்ற நான்கும் அதற்குள் இருந்தன.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் ஏதாவது அடிக்கிறதா என்று.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுக்க உதவுகிற ஒரு சின்ன நிலையத்தில் எனக்கு வேலை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் தொண்ணூறுகளில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தோட்ட ஆஸ்பத்திரிகளில் பிள்ளை பிறந்ததை எழுதிவைத்த ஏடுகளை இரவல் வாங்கி வந்து, எட்டு ஏடுகளையும் ஒரு கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஏடுகள் திரும்பிப் போயின. சிலவற்றைக் கறையான் தின்றது, சில ஒழுகுகிற ஸ்டோரில் கூழாகிப் போயின. ஆகவே ஆயிரக்கணக்கான பேர் பிறந்ததற்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பழைய கணினிதான். அதற்கோ சாகிற நோய். உள்ளே வட்டு சுழலும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும்.

புதிதாக வந்த கணினியில் பழைய பதிவேட்டு மென்பொருள் ஓடாது. அது பழைய காலத்துச் சாமான், புது இயந்திரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். என்ன செய்வது என்று தெரியாமல் பசாரில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட வைக்கும் மென்பொருள், சேர்வர்களுக்கென்றே செய்தது, அதுவும் இலவசம். பெயரைப் பதிந்தால் ஒரு நீண்ட இலக்கம் மின்னஞ்சலில் வரும், அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா கொடுப்பதில் எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும் என்று நினைக்கிற குணம் எனக்கு. ஓட்டை இருக்கவில்லை. ஆனால் எங்கள் தொலைபேசி வழியில் அதை இறக்கி முடிக்க மூன்று நாள் பிடித்தது, அதற்குள் மழை இரண்டு தடவை லைனை அறுத்துப்போட்டது.

நிறுவி முடித்துப் பழைய காலத்து இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் ஒரு சன்னலில் எழுப்பிய காலையை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். வெளியே பனிமூட்டம், எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. திரைக்குள் இன்னொரு திரை மெல்ல வெளுத்து, பழைய நீலநிறம் வந்தது, பழைய சங்கீதம் ஒலித்தது. உள்ளே இருந்த அந்தக் கணினிக்குத் தான் ஒரு கணினி இல்லை என்பது தெரியாது. தனக்கென்று வட்டு இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, வலை வயர் இருக்கிறது என்று முழுதாக நம்பிக்கொண்டு அது பாட்டுக்கு வேலையைத் தொடங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்னவோ அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

நான் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் பெரிய கணினிக்கு ‘லயம்’ என்றும், உள்ளே இருந்தவற்றுக்கு ‘காம்பரா’ என்றும் பேர் வைத்தேன். ஒரே கூரை, ஒரே வரிசையில் அறைகள், அவரவர் அடுப்பு அவரவருக்கு. முதல் காம்பராவில் கடிதங்கள், இரண்டில் விண்ணப்பப் படிவங்கள், மூன்றில் பழைய பதிவேட்டு மென்பொருள், நான்கு நான் விளையாடிப் பார்க்க. எதற்கு எவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுக்கலாம். ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது விழாது. பாதி வேலையில் அப்படியே தூங்க வைத்துவிட்டு, மறுநாள் எழுப்பினால் விட்ட எழுத்திலிருந்து தொடரும். முன்னறையில் இருந்தபடியே பின்னறைக் காம்பராவின் திரையைத் திறந்து வேலை செய்யலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘ஸ்னப்ஷொட்’. காம்பரா இருக்கிற நிலையை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வது. பிறகு என்ன கோளாறு நடந்தாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் படம் பிடித்த நேரத்துக்கே திரும்பிப் போய்விடும். நடுவில் நடந்தது எதுவும் நடக்காததாகிவிடும். மனுசனுக்கு இப்படி ஒரு பொத்தான் இல்லையே என்று நான் ஏங்கியதுண்டு.

முன்னறையில் இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. பதுளைத் தபால் கந்தோரில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு எங்களிடம் பதிவுகளைச் சரிபார்க்க வந்தவர். எதையும் வாய்விட்டு வாசித்துத்தான் சரிபார்ப்பார். எங்கள் இரண்டு பேர் பேச்சும் தமிழ்தான், ஆனாலும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். வந்த புதிதில் ஒரு நாள் அந்தியில், “நான் வெளிக்கிடப் போறன் பிள்ளை” என்றார். “கக்கூஸ் சாவி ஆணியில தொங்குதுங்க அக்கா” என்றேன். அவர் வீட்டுக்குப் புறப்படுவதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

ஸ்னப்ஷொட்டை அவருக்கு நான்தான் விளக்கினேன். மூன்றாம் காம்பராவில் வேண்டுமென்றே நாலு கோப்புகளை அழித்துக் காட்டி, பொத்தானை அமுக்கி, “பாத்தீங்களா, பழையபடி ஆயிருச்சு!” என்று பெருமையடித்தேன். அப்புறம் அதுவே எங்கள் சொல்லாகிவிட்டது. எது கெட்டாலும் ‘பழையபடி’ போட்டால் சரி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்கப் பழைய கணினியிலிருந்து ஏடுகளை ஒவ்வொன்றாக மூன்றாம் காம்பராவுக்கு மாற்றினேன். ஏழு ஏடுகள் வந்து, அவற்றுக்கு நகலும் குறுந்தட்டில் எடுத்தாயிற்று. எட்டாவது, லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஏடு, வட்டின் கெட்டுப்போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. இருபது முப்பது தடவை முயன்று ஒரு வியாழக்கிழமை அதையும் இழுத்து எடுத்தேன். எடுத்த கொஞ்ச நேரத்தில் டிக் டிக் நின்றுபோனது. பழைய கணினி அதன்பிறகு எழும்பவே இல்லை. வெற்றுக் குறுந்தட்டு முடிந்திருந்தது. திங்கட்கிழமை வாங்கி நகல் எடுத்துக்கொள்ளலாம், ஏடுகள் வருவதற்கு முன் பிடித்த படத்துக்குப் பதிலாகப் புதுப் படமும் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஏட்டுக்காகவே ஒரு பெண் மூன்று மாதமாக லுணுகலையிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிறவள். தாய் செத்துவிட்டாள், பிறப்புச் சான்றிதழ் இல்லை, அடையாள அட்டை இல்லை. கொழும்பில் ஒரு தையல் ஆலையில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு தடவை போகப் பார்த்து, வழிச் சோதனையில் அட்டை இல்லையென்று பஸ்ஸிலிருந்து இறக்கி, ஒரு பகல் முழுக்க வாங்குப் பலகையில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சண்டைக்காலம். அதற்குப் பிறகு பதுளையைத் தாண்டவே பயந்தாள். “ஏட்டுல நான் இருக்கேனான்னு பாருங்க மிஸ்” என்பாள் ஒவ்வொரு தடவையும். நான் தலையைத் தூக்காமலே, “இன்னும் வரலீங்க, அடுத்த வாரம் வாங்க” என்பேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். அன்றைக்கு நான் முன்னறையில் இன்னொரு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு அதற்குப் போகிற வலை வயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அக்கா அவளைத் தன் பக்கத்தில் இருத்தி, எட்டாவது ஏட்டைத் திறந்து தேடி, அவளுடைய வரியைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தார். பிறகு, “பிள்ளை, இஞ்ச வந்து பாரும், கிடைச்சிட்டுது!” என்று கூப்பிட்டார்.

“இருங்கக்கா, கையில வேல. பிரின்டர்ல ரிபன் இல்ல. திங்கக்கெழம வரச் சொல்லுங்க, எடுத்துத் தாரேன்” என்றேன், மேசைக்கு அடியிலிருந்தே. அக்கா அவளுக்காக இன்னும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். வயரின் ஒரு முனை சரியாகப் பொருந்தாமல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் போய், நான் பின்னறைக்குத் திரும்பி, ஒரு மணித்தியாலம் கழித்து மழை கொட்டத் தொடங்கியது. அந்த இரைச்சலுக்குள் அக்காவின் குரல் கேட்டது. “பிள்ளை! மூண்டாவது நிண்டுபோச்சுது! பழையபடி போடும்!”

போட்டேன். நடுவில் உள்ளது போய்விடும், நிச்சயம்தானா என்று மென்பொருள் ஒரு தடவை கேட்டது. நூறு தடவை பார்த்த கேள்வி அது. ஆம் என்று அமுக்கினேன். மூன்றாம் காம்பரா பளிச்சென்று எழுந்தது, அதே நீலநிறம், அதே சங்கீதம், உள்ளே ஒரு ஏடும் இல்லாமல்.

முன்னறைக்கு ஓடினேன். “ஏங்கக்கா பழையபடி போடச் சொன்னீங்க? எல்லாம் போச்சே!” என்று கத்தினேன்.

அக்கா திகைத்துப்போய்ப் பார்த்தார். “ஓம், பழையபடி போடச் சொன்னனான். நிண்டால் பழையபடி போடத்தானே வேணும்? நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுறது!”

அவருக்குப் ‘பழையபடி’ என்றால் ‘மறுபடியும்’. பழையபடி மழை வருது, பழையபடி கரண்ட் போச்சுது என்று அவர் தினமும்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் தினமும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்தேன். அக்கா எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார்.

சனியும் ஞாயிறும் முட்டிமோதினேன். ஏழு ஏடுகளைக் குறுந்தட்டிலிருந்து ஏற்ற முடிந்தது. எட்டாவதை அந்த மென்பொருள் சுத்தமாகத் துடைத்திருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அதன்மேல் ஒரு பிழையும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அவள் இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள், “அப்ப நான் மறுபடி இல்லீங்களா மிஸ்?” என்று கேட்டாள். ஐயோ, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்காதான் விடவில்லை. பதிவுக் கந்தோரில் இருந்த அதிகாரி தெரிந்தவர், நல்ல மனுசன். அவரிடம் போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பதிவைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் சத்தியக் கடதாசி கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார் அவர். இரண்டு பேர். அவளைச் சேர்க்கக் கூடாது.

சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தித் தர, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சமாதான நீதவான் இருந்தார். மூன்று பேரும் போனோம். அக்கா நாள், மாதம், வருடம், தாயின் பெயர், தகப்பனின் பெயர், பிள்ளையின் நிறை என்று தந்தி வாசிப்பதுபோல் ஒப்புவித்தார். மூன்று தடவை வாய்விட்டு வாசித்தவராயிற்றே. நீதவான் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் கண்ணால கண்டீங்களா?”

அக்கா என்னைப் பார்க்காமல் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள்கணக்கில் அந்த ஏட்டோடு மல்லுக்கட்டியவள் நான். அதன் அளவு எவ்வளவு, எந்த இடத்தில் வட்டு கெட்டிருந்தது, எத்தனை தடவை முயன்று எடுத்தேன், எல்லாம் சொல்வேன். அதில் ஒரு ஆளின் பேரைக்கூட நான் வாசித்துப் பார்த்ததில்லை.

“கண்டேன்” என்றேன். கையெழுத்து வேறு யாருடையதோ போல விழுந்தது.

அவளுடைய அட்டை வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. வந்த அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, “பாருமன், படத்தில என்ன முழி முழிக்கிறீர்” என்று கேலி செய்துவிட்டுத் தேத்தண்ணீர் போடப் போனார். அவள் பின்னறைக்கு வந்து அட்டையை என்னிடம் நீட்டினாள். படத்தைப் பார்த்தேன், பேரைப் பார்த்தேன், பிறந்த திகதியைப் பார்த்தேன். நான் பிறந்த அதே வருடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இப்பதானே மிஸ் எம் பேர மொதவாட்டி பாக்குறீங்க?” என்றாள், மெதுவாக, அக்காவுக்குக் கேட்காமல்.

இரண்டாவது தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆமாங்க” என்றேன்.

அவள் அட்டையை வாங்கி முந்தானையில் துடைத்தாள். “தெரியுங்க. அன்னிக்கி அக்கா வாசிச்சப்ப நீங்க ஒரு வாட்டி திரும்பிப் பாப்பீங்கன்னு ரொம்ப நேரம் நின்னேன்” என்றாள்.