பழைய எண் பதினான்கு

“வூடு பாக்க வந்துகீது இந்தப் பொண்ணு. ஆனா வாடகைக்கு இல்லியாம்!”

செங்கல்பட்டில் ஒரு தெருக்குழாயடியில் என்னைப் பற்றி என் காதிலேயே விழுந்தது இது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைத்தவர்களுக்கு, இதைக் கேட்டதும் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். எம்.ஏ. முடித்ததும் ஓர் இலக்கிய அமைப்பில் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் பிறந்து பெரும்பெயர் பெற்ற எழுத்தாளர் ஒருவர் சிறுவயதில் குடியிருந்த வாடகை வீடுகளைத் தேடிப்பிடித்து, சம்மதம் வாங்கி, பெயர்ப்பலகை வைக்க வேண்டும். எண்பதை நெருங்கிய அவரே விழாவுக்கு வருவதாக இருந்தது. தன் முதல் கதையைக் கரியால் எழுதிய சுவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. நானோ, ஒரு கதவைத் தட்டுமுன் தெருவை இரண்டு சுற்று சுற்றுகிறவள்.

பிறந்த வீடு

அது ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், லேமினேஷன் மெஷினாண்டயா பொறந்தாரு?”

சுவர் உள்ள வீடு

எழுத்தாளர் கடிதத்தில் கதவு எண் பதினான்கு என்று எழுதியிருந்தார். பதினான்காம் எண் வீட்டுக்காரர் மோகன், மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். நான் பேசி முடிப்பதற்குள் காபி வந்தது, கையெழுத்தும் வந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. நகராட்சி எண்களை மாற்றியிருந்தது. பழைய பதினான்கு இப்போது முப்பத்தேழு, எதிர்வரிசையில். விஷயத்தைச் சொல்லப் போனால், வாசலில் வேன் நிற்கிறது. எழுத்தாளர் வாழ்ந்த வீடு என்று நம்பி இரண்டு வெள்ளைக்காரர்கள் மோகனின் குளியலறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவா பேசு தங்கச்சி, அவங்க கெளம்பட்டும்” என்றார் மோகன்.

முப்பத்தேழு

அங்கே இருந்தவர் சரோஜா அம்மா. மகளுக்காக மாடி எடுக்க நினைத்திருந்தார். பலகை வைத்தால் அரசாங்கம் வீட்டை எடுத்துக்கொள்ளும், செங்கலைக்கூடத் தொடவிடாது என்று பயம். அப்படி எதுவும் ஆகாது என்று எழுதி எடுத்துப் போனேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிற வூடும்மா இது. கரியாவது, கதையாவது! கதை எழுதுற ஆளை நம்பலாம், கையெழுத்து வாங்கற ஆளைத்தான் நம்ப முடியல.”

விழா நாள்

விழா முடிந்தது. முப்பத்தேழுக்கு மட்டும் பலகை இல்லை. “தெருவிலிருந்தே பார்த்துக்கறேன்” என்றார் எழுத்தாளர். மோகன்தான் வேனில் கூட்டிவந்து இறக்கினார். பெரியவர் பூட்டிய கம்பிக் கதவின் முன் கைத்தடியை ஊன்றி நின்றார். நான் அன்று தெருவைச் சுற்றவில்லை. நேரே போய்த் தட்டினேன்.

சரோஜா அம்மா வந்து அவரையே பார்த்தார்.

“சமையக்கட்டுக்குப் பக்கத்து ரூம்மா. கதவுக்குப் பின்னாடி, இவ்ளோ உயரத்துல” என்று முழங்காலுக்குச் சற்று மேலே காட்டினார் எழுத்தாளர்.

பூட்டு திறந்தது. அறையில் சுவர் பால்போல வெள்ளையாக இருந்தது. அவர் குனிந்து தடவிப் பார்த்தார்.

“ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா” என்றார்.

சரோஜா அம்மா சமையலறைக்குள் போனார். தோசைத் திருப்பியோடு வந்து, கதவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்ணாம்பை மெல்லச் சுரண்ட ஆரம்பித்தார்.