பாலத்துக்கு அடியில் போகிற படகு

படகு வாங்கலாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவி. அப்போது அவளால் எழுந்து நிற்கவே முடியாது. முதுகெலும்பில் பரவிவிட்ட நோய்க்கு இனி வலியைக் குறைக்கிற மருந்துதான் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஈப்போவில், குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருப்பாள். லகாட்டில் டயர் கடை வேலையை விட்டுவிட்டு நான் அவளோடு இருந்தேன்.

ஒருநாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, "பாப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாங்க" என்றாள்.

பாப்பா எங்கள் மகள். எங்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை. நடக்கப் பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது நாங்கள் பேராக் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில், தெலுக் இந்தான் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துக் கல்லறையில்தான் அவளை அடக்கம் செய்தோம். பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஜனமெல்லாம் ஈப்போவுக்கும் சித்தியவானுக்கும் பிரிந்து போனது. கல்லறையை மட்டும் யாரும் தொடவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இருவரும் மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு போய்வருவோம். சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்தில் அங்கே போகிற மண்சாலையும் அதன் மரப்பாலமும் போய்விட்டன. கல்லறைக்காக ஒரு பாலம் யார் போடுவார்கள்? அதன்பிறகு ஈப்போவில் கோயிலிலேயே மெழுகுவர்த்தி கொளுத்தி ஜெபித்துவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

"ரோடு இல்லியேம்மா" என்றேன்.

"ஆறு இருக்குலா. ஒரு படகு வாங்கிருவோம்" என்றாள்.

அவள் தம்பி சித்தியவானில் மீன்பிடிப் படகுகளுக்கு இஞ்சின் பழுது பார்க்கிறான். நானும் அவனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அக்கா கேட்டதைப் போனில் சொன்னேன். "நாம ரெண்டு பேரும் மொதல்ல போய் பாத்துட்டு வருவோம் மச்சான்" என்றான்.

யாரிடமோ ஒரு சின்னச் சம்பான் படகு கேட்டு வாங்கி இருவரும் போனோம். பெரிய ஆற்றிலிருந்து ஒரு கிளையாறு பிரிந்து செம்பனைக் காட்டுக்குள் போகிறது. அதன் கரையில்தான் கல்லறை. கடல் ஏற்றம் அங்கே வரைக்கும் வரும். தண்ணீர் ஏறியிருந்ததால் கரை எங்கள் சம்பானின் விளிம்புக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. அவளைத் தூக்கிச் சுலபமாக மேலே வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

இடைஞ்சல் வேறு இடத்தில் இருந்தது. கிளையாற்றின் வாயில், தோட்டம் இருந்த காலத்து இரும்புப் பாலம் ஒன்று இன்னும் நிற்கிறது. மேலே பலகை ஒன்றுகூட இல்லை, வெறும் எலும்பு. அதன் அடியில் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அந்தக் குழாய்க்குக் கீழே சம்பானில் குனிந்துதான் போக முடிந்தது. தண்ணீர் வற்றின பிறகு போகலாமே என்றால், வற்றினால் அங்கே சேறுதான். படகு தரைதட்டிவிடும். ஆகவே தண்ணீர் ஏறியிருக்கும்போதுதான் நுழைய வேண்டும். அப்போது பாலம் நம் தலைக்கு வந்து நிற்கும். மச்சான் ஒரு மூங்கிலைத் தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய் வரைக்கும் நிறுத்திப் பிடித்தான். குழாய் இருக்கிற உயரத்தில் நான் பாராங் கத்தியால் அதில் ஒரு வெட்டுப் போட்டேன்.

சம்பானில் அவளை ஏற்ற முடியாது. ஆடுகிற ஆட்டத்தில் அவள் முதுகு தாங்காது. தெலுக் இந்தானில் ஏறலாம் என்றால் அந்தத் துறையில் ஏணிதான். சரிவாக மணல் இறங்குகிற கரை ஆற்றின் மேல்பக்கம் போத்தாவில்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஈப்போவிலிருந்து போத்தா வரைக்கும் ரோடும் நல்ல ரோடு, வேனில் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கிருந்து கல்லறை ஆற்று வழியாக வெகுதூரம். போகவும் வரவும் ஒரு பகல் பூராவும் ஆகும். அவ்வளவு தூரம் ஆடாமல் போகிற படகு, அந்தப் பாலத்துக்கு அடியில் நுழைகிற படகு, இரண்டும் ஒரே படகாக இருக்கவேண்டும்.

சித்தியவானில் பழைய படகு விற்கிற ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறைக்குப் போனோம். மூங்கிலை வேனின் கூரையில் கட்டி எடுத்துப் போயிருந்தோம். தவுக்கே மூங்கிலைப் பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். விஷயத்தை மச்சான் மலாயில் சொன்னதும், சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

முதலில் காட்டியது வெள்ளைப் படகு. மேலே கூரை, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே மெத்தை வைத்த இருக்கை. மச்சானுக்கு அதைவிட்டுக் கண் எடுக்க முடியவில்லை.

"இதுலதான் மச்சான் அக்கா சொகமா வரும். வெயில் இல்ல, மழ இல்ல."

நான் மூங்கிலைப் பக்கத்தில் நிறுத்தினேன். வெட்டுக்கு மேலே கூரை எங்கேயோ இருந்தது.

"கூரைய அறுத்துரலாம்."

"அறுத்தாலும் கண்ணாடி நிக்குது பாரு."

அவன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். அதையும் கழற்றிவிடலாம் என்றான். அப்படிக் கழற்றிக் கழற்றி, கடைசியில் அவன் ஆசைப்பட்டதில் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று அவனுக்கே தெரிந்தது. 

அடுத்தது மீன்பிடிக்கிற படகு. மூக்கு ஆகாயத்தைப் பார்த்து நின்றது. அதற்கடுத்ததில் மடக்குகிற கூடாரம் இருந்தது. மடக்கினாலும் அதன் கம்பிகள் வெட்டைத் தாண்டின. வேலியோரம் ஒரு படகு மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. இறால் பண்ணையில் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்ததாம். தட்டையான அடி, தாழ்ந்த பக்கங்கள், உள்ளே இருக்கை என்று ஒன்றும் கிடையாது. பச்சைச் சாயம் உரிந்து போயிருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு மூங்கிலை வைத்துப் பார்த்தோம். விளிம்பு வெட்டுக்கு வெகு கீழே இருந்தது. இஞ்சினின் தலை மட்டும்தான் உயரம். அதுவும் வெட்டுக்கு ஒரு சாண் கீழேதான்.

"பாரம் ஏறுனா இன்னும் கொஞ்சம் எறங்கும்" என்றான் மச்சான்.  "ஆனா இதுலயா மச்சான் எங்கக்காவ ஏத்திட்டுப் போறது? தீவன மூட்ட மாதிரி."

எனக்கும் அதே வருத்தம்தான். வீட்டுக்கு வந்து, எடுத்துவந்த போட்டோக்களை அவளிடம் காட்டினேன். வெள்ளைப் படகை ஒரு பார்வை பார்த்தாள். பச்சைப் படகின் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"இதுல நான் நீட்டிப் படுக்கலாம்ல?"

"படுக்கலாம். மெத்த போட்டுருவேன். ஆனா வெயிலு..."

"கொட இருக்குலா" என்றாள். "உக்காரத்தான் எனக்கு முடியல. அந்த சீட்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?"

படகு எது என்பது அத்தோடு முடிந்தது.

போத்தா மணலில் விடிந்தும் விடியாததுமாக அவளை ஏற்றினோம். மச்சான் தலைமாட்டில் பிடித்துக்கொள்ள, நான் கால்பக்கம் பிடித்து, போர்வையோடு சேர்த்து மெத்தைமேல் இறக்கினோம். பக்கங்கள் தாழ்வாக இருந்தது நல்லதாகப் போயிற்று. கையைத் தொங்கவிட்டால் தண்ணீர் அவள் விரலில் பட்டது. வழி நெடுக அப்படியே வந்தாள். மச்சான் இஞ்சினை மெதுவாகவே விட்டான். மணல் தோண்டுகிற படகுகளையும், கரையில் துணி காயப்போட்டிருந்த கம்பங்களையும், மிதந்து வந்த ஆகாயத்தாமரைத் திட்டுகளையும் தாண்டிப் போனோம். வெயில் ஏறியதும் நான் குடையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு திருப்பத்தில் உடும்பு ஒன்று நீந்திப் போவதைக் காட்டி, "யாரு வீட்டுக்குப் போவுது?" என்றாள். மச்சான் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேலே எங்கேயோ இரவு மழை பெய்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாது. கிளையாற்று வாயில் மூங்கிலை நிறுத்தியபோது, தண்ணீர் எங்கள் வெட்டுக்கணக்கைவிட மேலே நின்றது. குழாய்க்கும் இஞ்சினுக்கும் இடையில் வழியில்லை.

"திரும்பிருவோம் மச்சான்" என்றான் மெதுவாக. "இன்னொரு நாளைக்கு வரலாம்."

இன்னொரு நாள் என்று ஒன்று இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவள் கண்ணை மூடியபடியே, "கொஞ்சம் வத்தட்டும். நா இருக்கேன்" என்றாள்.

கரையோர நீப்பாப் பனை ஓலைகளின் நிழலில் படகைக் கட்டினோம். வலி வந்துவிட்டது. மருந்தைக் கொடுத்தேன். மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள்.

"இந்த ஆத்தப் பாத்தா அவ கையத் தட்டுவா. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் விடியற்காலையில் தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் போனால் இருட்டித்தான் வருவேன். பிள்ளையைத் தூங்குகிற முகமாகத்தான் நான் அதிகம் பார்த்தது.

"சாயங்காலம் இடுப்புல வச்சுக் கொண்டாருவேன். படகு போனா ரெண்டு கையயும் தட்டுவா. அது மறைஞ்சதும் என் மூஞ்சியப் பாப்பா, எங்க போச்சுன்னு."

இத்தனை வருடங்களில் அவள் இதைச் சொன்னதில்லை. கல்லறைக்குப் போவோம், ஜெபிப்போம், வருவோம். பிள்ளையைப் பற்றிப் பேசினால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று இருவருமே நினைத்திருந்தோம் போலிருக்கிறது. அன்று அவள் பிள்ளையின் இரண்டு பற்களைப் பற்றி, வியர்க்குரு பற்றி, சோற்றைத் துப்புவது பற்றியெல்லாம் சொன்னாள். மச்சான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இன்னும் முழுதாக வழி விடவில்லை. அதிகம் காத்திருந்தால் உள்ளே சேறு. மச்சான் இஞ்சினை நிறுத்தி, அதன் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். அதில் கொஞ்சம் உயரம் குறைந்தது. பிறகு மூவரும் மல்லாந்து படுத்தோம். பாலத்தின் இரும்பைக் கையால் பிடித்துப் பிடித்துப் படகை இழுத்தோம். துரு முகத்தில் உதிர்ந்தது. குழாய் என் மூக்குக்கு நேர் மேலே வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால், அவளும் கையை உயர்த்தி உள்ளங்கையை அந்தக் குழாயில் பதித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் ஒரு பலமும் கிடையாது. ஆனாலும் கடைசிவரை தள்ளினாள். இஞ்சின் எங்கேயோ லேசாக உரசியது. பிறகு வெளிச்சம் வந்தது.

கல்லறைக் கரைக்கு வந்து சேர்ந்ததும்தான் நாங்கள் யோசிக்காத ஒன்று புரிந்தது. பாலத்துக்காகத் தண்ணீர் இறங்கட்டும் என்று காத்திருந்தோம். இறங்கின தண்ணீர் எங்களையும் கீழே கொண்டுபோயிருந்தது. முன்பு விளிம்புக்குச் சமமாக இருந்த கரை இப்போது எங்கள் தலைக்கு மேலே, செங்குத்தாக, வழுக்கும் சேறாக நின்றது. மச்சான் காலை வைத்துப் பார்த்தான். முழங்கால் வரை உள்ளே போனது.

"நான் முதுகுல தூக்கிக்கறேன் அக்கா."

"வேணாம் தம்பி. நீ வழுக்குனா ரெண்டு பேருமே விழுவோம்." அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது. மறைக்கவில்லை. படகுக்குள்ளிருந்து அவளுக்குத் தெரிந்தது சேற்றுச் சுவரும் அதற்கு மேலே செம்பனை ஓலைகளும்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னிடம், "நீங்க போங்க. போயி சத்தமா பேசுங்க. எனக்குக் கேக்கும்" என்றாள்.

மச்சான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளோடு இருந்தான். நான் வேர்களைப் பிடித்து ஏறினேன். மேலே எல்லாம் புதர். பாராங்கால் வெட்டிக்கொண்டே போனேன்.

"பெரிய கதவு விழுந்து கெடக்கு" என்று கத்தினேன்.

"ம்" என்று கீழேயிருந்து வந்தது.

"நம்ம பக்கத்துல இருந்த சமாதியெல்லாம் கொடி மூடியிருக்கு. இரு, வெட்டுறேன்... இங்க இருக்கும்மா. இருக்கு."

"எப்படி இருக்கு?"

"சிலுவ சாஞ்சிருக்கு. ஒடயல. நிமித்துறேன்."

கல்லைச் சுரண்டிப் பாசியை எடுத்தேன். செய்கிற ஒவ்வொன்றையும் சொன்னேன். பூவை வைத்தேன், மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது, மறுபடியும் கொளுத்தினேன். எல்லாவற்றுக்கும் கீழேயிருந்து ஒரு "ம்" வந்துகொண்டே இருந்தது. பிறகு அவளே ஜெபத்தைத் தொடங்கினாள். மெல்லிய குரல்தான், இருந்தும் தெளிவாகக் கேட்டது. அவள் முதல் பாதியைச் சொல்ல, மேலே முழந்தாளிட்டபடி நான் மறுபாதியைச் சொன்னேன். கோயிலில் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறோம். அன்றுதான் அவள் நிறுத்துகிற இடத்துக்காக நான் காத்திருந்து காத்திருந்து சொன்னேன். கடைசி வரிக்கு என் குரல் வரவில்லை. மச்சான் கீழேயிருந்து சொல்லி முடித்தான்.

அதிக நேரம் இருக்க முடியவில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நான் இறங்கி வந்ததும் அவள் என் சட்டையைப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். பாலத்தைத் தாண்டும்போது இந்தத் தடவை குனியவே தேவைப்படவில்லை. பெரிய ஆற்றுக்கு வந்ததும் தூங்கிப்போனாள். போத்தா மணலில் வெயில் சாயும் நேரத்துக்கு அவளை இறக்கும்வரை விழிக்கவில்லை.

அதன்பிறகு அவளுக்கு அதிக நாள் இல்லை. நவம்பர் வருவதற்கு முன்பே, ஒரு மத்தியானம், அந்த முன்னறையிலேயே போய்விட்டாள். ஈப்போவில் அடக்கம் செய்தோம். ஆற்றங்கரையிலேயே பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று மச்சான் கேட்டான். இருந்தபோது அவளிடமே நான் கேட்டிருந்தேன். "நீங்க ஒத்த ஆளா படகுல வந்துக்கிட்டு இருப்பீங்களா? பஸ் போற எடத்துல வைங்க" என்று சொல்லியிருந்தாள்.

இப்போது ஞாயிறுகளில் பஸ் ஏறி அவள் கல்லறைக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் பாப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் அங்கே உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறேன். தெரிந்தது கொஞ்சம்தான். அதில் முக்கால்வாசி அந்த நீப்பா நிழலில் அவளே சொன்னது.