கப்பலில் ஆடி அமாவாசை

நியூயார்க்கிலிருந்து ஹாலிஃபாக்ஸ் போகும் வீக்கெண்ட் கப்பலில் நிற்கிறோம். சுற்றிலும் கடல். ஆனால் ஒரு சொட்டுகூடக் கைக்கு எட்டாது. தண்ணீர் எங்கேயோ பல மாடிகளுக்குக் கீழே ஓடுகிறது.

இன்று ஆடி அமாவாசை. தன் அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாத என் கணவர், இந்த முறை கடலில் முங்கித் தர்ப்பணம் செய்வதாக என் மாமியாருக்கு போனில் வாக்குக் கொடுத்திருக்கிறார். கப்பலில்தானே இருப்போம், கடலுக்கா பஞ்சம் என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார். இப்போது சுருதி இறங்குகிறது.

"கேபின் ஷவர்லயே குளிச்சிடறேனே."

"ஏன், நியூஜெர்சில நம்ம பிஸ்கட்டவே வீட்ல ஷவர் இல்லையா?"

மேல்தளத்து நீச்சல் குளத்தில் குதித்தெழுந்த ஒரு சிறுமி முகத்தைச் சுளித்துத் தண்ணீரைத் துப்புகிறாள். நான் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைக்கிறேன். உப்பு!

துண்டு கொடுக்கும் ஹாலிஃபாக்ஸ் பெண்ணிடம் ஓடுகிறேன்.

"கடல் தண்ணீர்தான் மேடம், பம்ப் வைத்து ஏற்றுகிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "பிடிக்கவில்லையா?" என்கிறாள் கவலையாக.

"ரொம்பப் பிடித்திருக்கிறது."

பிலிம் டப்பாவில் கொண்டுவந்த எள்ளையும், தர்ப்பண நீர் விழ ஒரு கிண்ணத்தையும் குளத்தங்கரையில் வைக்கிறேன். கணவர் வேட்டியோடு முதல் படியில் நிற்கிறார். சாய்வு நாற்காலிகளில் கறுப்புக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக உயர்கின்றன.

"எல்லாரும் பாக்கறாங்க, சுதா."

"ஆமா. உங்கப்பாவும்தான். இறங்குங்க."